இரவு ஜியோகாஷிங்: வன்னிக் காட்டுப் பாதையில் ரிஃப்ளெக்டர் ஒட்டுபவர்கள் விடும் பிழைகள்

ஜியோகாஷிங் என்பது ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் துணையோடு தேடிப் பிடிக்கும் விளையாட்டு. அதை இரவில் ஆடும்போது ஜிபிஎஸ் தொடக்க இடம் வரைக்கும்தான் கூட வரும். அங்கிருந்து ரோச் லைற்றை அடித்து, மரங்களில் மின்னும் ரிஃப்ளெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பெட்டியிடம் போக வேண்டும். இடம் வலம் தெரியாத ஒருவர், நீங்கள் ஒட்டிய புள்ளியை நம்பி இருட்டில் கால் வைக்கிறார். போர் நடந்த வட இலங்கையின் வன்னியில் இது சின்ன விஷயமில்லை.

இருப்பதிலேயே பெரிய பிழை, ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குக் காட்டுக்குள்ளால் நேர்கோடு போடுவது. வெளிச்சம் தெரிந்துவிட்டால் ஆள் பாதையைப் பார்க்க மாட்டார், நேராகப் பற்றைக்குள் இறங்கிவிடுவார். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மண் இது. வேட்டைக்காரர் வைக்கும் கட்டுத்துவக்கும் (கம்பியில் கால் பட்டால் வெடிக்கும் துவக்கு) கம்பிச் சுருக்கும் மிருகங்கள் நடக்கும் தடத்தில்தான் கட்டப்பட்டிருக்கும். அதனால் ஊர்ச்சனம் நாளாந்தம் புழங்கும் வண்டில் பாதையை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள். விறகுக்கும் மாடு சாய்க்கவும் போகிறவர்களோடு பகலில் நடந்து பார்த்து, பாதை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று ஒட்டுங்கள். ஒன்றின் அருகே நின்றால் அடுத்தது தெரிய வேண்டும், அதற்கும் இதற்கும் இடையில் மிதிபட்ட தரை மட்டுமே இருக்க வேண்டும்.

சிவப்பு நிறம் வேண்டவே வேண்டாம். சிவப்புப் பலகையும் மண்டையோடும் எதைச் சொல்கின்றன என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைதான் தூரத்துக்கும் நன்றாகத் தெறிக்கும். பெட்டி விஷயமும் இப்படித்தான். வெளிநாடுகளில் பழைய ரவைப்பெட்டிக்குள் வைப்பது வழக்கம். இங்கே அதைக் காட்டில் கண்டவர் என்ன பாடுபடுவார் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பா போதும், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு எழுதி வையுங்கள். புதைக்க வேண்டாம், காணிக்காரரின் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்ட விளையாட்டின் விதியும் விடுவதில்லை.

அடுத்தது, வெளிச்சம் திரும்பி வரும் விதம் தெரியாமல் ஒட்டுவது. ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதற விடாது, வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ரோச்சை இடுப்பருகே பிடித்தால் வெளிச்சம் இடுப்புக்குத்தான் திரும்பும், கண்ணுக்குக் கொஞ்சம்தான் வரும். கிட்டப் போகப் போக இன்னும் மங்கும். அதே ரோச்சைக் காதோரம் உயர்த்திப் பாருங்கள், பளிச்சென்று எழும்பும். நெற்றியில் கட்டும் லைற் கொண்டு வரும்படி குறிப்பில் எழுதிவிடுங்கள். ஒட்டும்போது வருகிறவரின் முகத்தைப் பார்த்தபடி, நெஞ்சு உயரத்தில் ஒட்டுங்கள். திரும்பி வரும் வழிக்கும் மரத்தின் மறுபக்கத்தில் ஒன்று வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போன ஆள் வீடு வந்து சேர வேண்டாமா?

இரண்டு ரிஃப்ளெக்டர்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். மானும் மரையும் நரியும் லைற்றில் அப்படித்தான் தெரியும், இரண்டு கண்ணும் சமமட்டத்தில். குளத்தங்கரையில் என்றால் அது முதலையாகவும் இருக்கலாம். புல்லுக்குள் சிலந்தியின் கண்கூட ஒற்றைப் புள்ளியாய் மினுங்கும். அதனால் இரண்டு ஒட்டுவதென்றால் இடைவெளி விட்டு ஒன்றுக்கு மேலே மற்றதாக ஒட்டுங்கள், அப்படி எந்த மிருகத்துக்கும் கண் இல்லை.

பாலை, முதிரை மரங்களில் ஆணி அடிக்க வேண்டாம், கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும். கச்சான் காற்றுக் காலத்தில் செம்மண் தூசி படியும். மாரியில் பற்றை வளர்ந்து மூடிவிடும். மழை ஓய்ந்ததும் ஒருமுறை துடைத்து, வெட்டித் துப்புரவாக்குங்கள்.

யானை இறங்கும் குளக்கட்டை, அது எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். கோடையில் தண்ணீர் தேடி அவை வரும் நேரமும் உங்கள் ஆட்கள் நடக்கும் நேரமும் ஒன்றுதான். கிராம சேவகருக்கும் பக்கத்து வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நடுச்சாமத்தில் காட்டோரம் லைற் அசைந்தால் சனம் பயப்படும். வனப் பகுதியென்றால் அனுமதி வாங்காமல் தொடவே வேண்டாம். பெட்டியை எடுக்கிற நாளிலேயே ரிஃப்ளெக்டர்களையும் கழற்றிவிடுங்கள், விட்டுப்போன ஒன்றைப் பார்த்து யாராவது உள்ளே போகக்கூடும்.