பழைய லொறியை ஒன்லைனில் ஏலம் விடப்போகிறீர்களா? விலை வைப்பது இப்படி

"தொடக்க விலை எவ்வளவு போடலாம்?" பழைய பெட்போர்ட் லொறி ஒன்றை ஏலத்துக்குப் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் அந்த எண்ணைக் கடைசியில்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு எண்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். எந்த விலைக்குக் கீழே விற்கவே மாட்டீர்கள் என்பது ஒன்று. இந்த லொறியை வாங்கக்கூடியவர்களில் இரண்டாவது ஆள் எவ்வளவு வரை போவார் என்பது மற்றது. ஏன் இரண்டாவது ஆள் என்பதைப் படி 4இல் சொல்கிறேன்.

படி 1: புத்தகத்தை எடுத்து வையுங்கள்

லொறியைக் கழுவ முன்னர் பதிவுப் புத்தகத்தைத் தேடுங்கள். பெயர் யாருடையது? அப்பா காலமாகி, புத்தகம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் அதைச் சரிசெய்துகொண்டு ஏலத்துக்கு வருவதுதான் நல்லது. கைமாறிக் கைமாறி ஓபன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, வந்த லொறி என்றால் கேட்பவர்கள் அந்தத் தலையிடிக்கும் சேர்த்தே விலையைக் குறைப்பார்கள். வருமான அனுமதிப்பத்திரம் எந்த ஆண்டோடு நின்றது, நிலுவை ஏதும் உண்டா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செசி (அடிச்சட்டம்) இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டிய லொறிகள் நம் பக்கம் நிறைய. ஓடுவதற்கு அது வசதி. ஆனால் பழைய வாகனம் சேகரிப்பவருக்கு அது குறை, புத்தகத்தில் பதியாமல் இருந்தால் பெரிய குறை. மாறாக, நடுவில் 'ஸ்ரீ' எழுத்துள்ள பழைய இலக்கத் தகடும், முதலில் வந்த எஞ்சினும், பழைய முன்கிரில்லும் அப்படியே இருந்தால் அது தனி விலை. தகட்டுக்குப் புதுப் பெயின்ற் அடித்துவிடாதீர்கள். பழையது பழையதாக இருப்பதற்குத்தான் அவர்கள் காசு தருகிறார்கள்.

திருகோணமலைக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது: உப்புக்காற்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் வருடக்கணக்கில் நின்ற லொறிக்கு வெளியே பெயின்ற் பளபளத்தாலும், செசியின் உட்பக்கமும் கபினின் தரைத்தகடும் தின்னப்பட்டிருக்கும். கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ கொட்டிலுக்குள் நின்றதற்கு அவ்வளவு மோசம் வராது. கொழும்பிலோ குருநாகலிலோ இருந்து கேட்பவருக்கு இந்தப் பயம் முதலிலேயே இருக்கும். ஆகவே துருவை மறைக்காமல், கீழே படுத்துப் படம் எடுத்துப் போடுங்கள். படம் இல்லாத இடத்தை அவர் மனதில் இன்னும் மோசமாகத்தான் கற்பனை செய்வார், அதன்படியே விலையும் குறைப்பார்.

படி 2: அடிவிலை

ஓடாத லொறிக்கும் ஒரு விலை உண்டு: இரும்பு விலை. இரும்புக் கடையில் அன்றைய கிலோ விலையைக் கேளுங்கள். கணக்குக்காக மட்டும், 2,500 கிலோ எடை, கிலோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 2,50,000 ரூபாய் வரும். இது தரை. எஞ்சின், கியர் பொக்ஸ், பின்னச்சு, நல்ல ரயர்கள், மரப் பொடி (சாமான் ஏற்றும் பின்பகுதி) என்று தனித்தனியாகக் கழற்றி விற்றால் என்ன வரும் என்று ஒரு கராஜ் பாஸிடம் கேளுங்கள். அதிலிருந்து கழற்றும் கூலியையும் கழியுங்கள். இரண்டில் கூடிய தொகைதான் உங்கள் அடிவிலை. உதாரணத்துக்கு 4 இலட்சம் என்று வைப்போம். அதற்குக் கீழே விற்பதைவிடக் கழற்றி விற்பது மேல்.

இந்த இடத்தில் மனதைக் கொஞ்சம் கல்லாக்க வேண்டும். திருத்தச் செலவழித்த காசும், தாத்தா ஓட்டிய லொறி என்ற பாசமும் அடிவிலைக்குள் வராது. கேட்பவருக்கு அவை இரண்டும் தெரியாது.

படி 3: சந்தை விலை

விளம்பரத் தளங்களில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை வேறு. ஒரே லொறி மாதக்கணக்கில் அதே விலையோடு கிடந்தால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் பொருள். காணாமல் போன விளம்பரங்களைக் கவனியுங்கள். முடிந்தால் விற்றவருக்கு ஒரு அழைப்பு எடுத்து, "அண்ணே, கடைசியில் எவ்வளவுக்குப் போனது?" என்று கேளுங்கள். பலர் சொல்லிவிடுவார்கள்.

ஒப்பிடும்போது திகதியையும் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் படிப்படியாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடுகிற எதற்கும் விலை ஏறிக் கிடந்தது. அந்த வருடங்களின் விலையைக் காட்டி இன்று யாரையும் மடக்க முடியாது.

பெட்போர்ட் என்றால் வகையையும் சரியாகச் சொல்லுங்கள். பிரித்தானியாவில் 1931இல் தொடங்கிய பெயர் அது. 1950களின் முடிவில் வந்த மூக்கு நீண்ட வகையும், அதற்குப் பின் வந்த தட்டை முக டீகே வகையும் வேறு வேறு ஆட்களைக் கவரும். "பழைய பெட்போர்ட்" என்று மட்டும் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படாமலே போய்விடும்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஓடாத லொறியை ஏற்றிக்கொண்டு போகிற கூலியைக் கேட்பவர் தன் விலையிலிருந்து கழிப்பார். அந்தக் கூலியை நீங்களே முன்கூட்டி விசாரித்து விபரத்தில் எழுதிவிட்டால், அவர் பயத்தில் அளவுக்கு மேல் கழிக்க மாட்டார்.

படி 4: இரண்டாவது ஆள்

ஈபே போன்ற தளங்களில் கேட்பவர் தன் உச்ச விலையை இரகசியமாகப் போட்டுவிடலாம். தளமே அவருக்காக, தேவையான அளவு மட்டும் படிப்படியாகக் கேட்கும். ஒருவர் 9,50,000 வரை போகத் தயார், அடுத்தவர் 8,00,000 வரை, ஏற்றப் படி, அதாவது ஒரு தடவைக்கு விலை ஏறும் தொகை, 10,000 என்று வைப்போம். லொறி 8,10,000க்குப் போகும். அந்த 9,50,000 உங்கள் கண்ணிலும் படாது. இரண்டாவது ஆள் வராமல் போய், அடுத்தவர் 5,00,000 மட்டுமே வைத்திருந்தால்? அதே முதல் ஆளுக்கு, அதே லொறி 5,10,000க்குப் போய்விடும்.

கடற்கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பாரையின் விலையை ஏற்றுவது வாங்கினவர் இல்லை, அவரோடு கடைசி வரை மல்லுக்கு நின்று விலகினவர். 1961இல் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் இந்த இரண்டாம் விலைக் கணக்கை ஆராய்ந்து எழுதினார், 1996இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆக, ஏலத்துக்கு முன் உங்கள் உண்மையான வேலை, உண்மையாக வாங்கக்கூடிய இரண்டு பேரையாவது கண்டுபிடிப்பது. பழைய வாகனக் குழுக்களில் போடுங்கள். படப்பிடிப்புக்கும் ஹோட்டல் அலங்காரத்துக்கும் பழைய லொறி தேடுபவர்கள் உண்டு. வேலைக்கு லொறி தேடும் விவசாயிகளும் உண்டு, பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் அவர்கள் கையில் காசு புழங்கும். மாரி மழையில் சேற்றுக்குள் நிறுத்தி ஏலம் விட்டால் பார்க்க வருபவரும் குறைவு.

இரண்டாவது ஆள் இல்லை என்பதற்காக மச்சானை விட்டு விலையை ஏற்றிவிடும் யோசனை வரும். வேண்டாம். அது ஏமாற்று, தளங்களும் தடை செய்திருக்கின்றன. நம் ஊர் சின்ன ஊர், மச்சான் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

படி 5: இப்போது தொடக்க விலை

இரண்டு வழி இருக்கிறது.

நாலைந்து பேராவது உண்மையாக விசாரித்திருக்கிறார்கள், இருவர் வந்து பார்த்தும் போய்விட்டார்கள் என்றால், தொடக்க விலையைத் தாழ்வாக வையுங்கள். அடிவிலை 4 இலட்சம் என்றால் 2 இலட்சத்திலும் தொடங்கலாம். குறைந்த விலை ஆட்களை இழுக்கும், ஒருமுறை கேட்டவர் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பார். பாதுகாப்புக்கு ரிசர்வ் விலை வையுங்கள், அதாவது அதை எட்டாவிட்டால் விற்க வேண்டிய கட்டாயம் இல்லாத மறைவான விலை. அதை ஆசை விலையாக வைத்துவிடாதீர்கள். அடிவிலையிலோ அதற்குச் சற்று மேலோ போதும். "ரிசர்வ் இன்னும் எட்டவில்லை" என்ற வரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்து விலகுபவர்கள் அதிகம்.

ஒருவர், இருவர்தான் விசாரித்தார்கள் என்றால் தாழ்வாகத் தொடங்குவது ஆபத்து. அடிவிலையையே தொடக்க விலையாக வையுங்கள், ரிசர்வ் வேண்டாம். என் விருப்பம் பெரும்பாலும் இதுதான். திருகோணமலையில் நிற்கிற பழைய லொறிக்குக் கூட்டம் குறைவு, அதை ஒத்துக்கொண்டு விலை வைப்பது நல்லது.

"உடனே வாங்கும் விலை" ஒன்றும் போடலாம். போட்டால், அந்தக் காசு கிடைத்த அன்றே மனவருத்தம் இல்லாமல் சாவியைக் கொடுக்கக்கூடிய தொகையாக இருக்கட்டும்.

படி 6: ஏற்றப் படியும் முடிவு நேரமும்

முகநூல் குழுவிலோ வட்ஸ்அப்பிலோ நீங்களே நடத்தினால் விதிகளை முதலே எழுதிப் போடுங்கள். 5 இலட்சம் வரை 10,000, அதற்கு மேல் 25,000 என்று படி வைத்தால் ஆயிரம் ஆயிரமாக இழுபடாது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் இன்னும் இரண்டு நிமிடம் நீளும் என்பதையும் சேருங்கள். கடைசி விநாடியில் பாய்ந்து தட்டிக்கொண்டு போகிறவர்களை அது தடுக்கும். ஞாயிறு இரவு 8 மணிக்கு முடித்தால் இலண்டனில் பிற்பகல், ரொறொன்ரோவில் காலை. ஊர் லொறிக்கு ஆசைப்படும் வெளிநாட்டு உறவுகளும் விழித்திருப்பார்கள்.

படி 7: வென்றவர் வராவிட்டால்

நடக்கும். முற்பணம் எத்தனை நாளுக்குள், மிச்சம் எத்தனை நாளுக்குள் என்று விதியிலேயே எழுதியிருந்தால், அந்த நாள் தாண்டியதும் வாக்குவாதம் இல்லாமல் அவரை விட்டுவிடலாம். உடனே மறு ஏலம் போடாதீர்கள், லொறியில் ஏதோ குறை என்று பேச்சு வரும். இரண்டாவதாக நின்றவருக்கு அழைத்து, அவர் கடைசியாகக் கேட்ட விலைக்கே தரத் தயார் என்று சொல்லுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் அது 8,00,000. வென்ற விலைக்கு 10,000தான் குறைவு.