தக்கைப்பூண்டு போட்டா மட்டும் பத்தாது, மடக்குற நேரமும் தண்ணியும் முக்கியம்

யூரியா செலவு குறையும்னு நெல்லுக்கு முன்னாடி தக்கைப்பூண்டு (வளர்த்து மண்ணுலயே மடக்கி உழுற பசுந்தாள் உரச் செடி) போடுறவங்க நிறைய பேரு, ஆனா விதைச்சதோட மறந்துடுறாங்க. காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான், நெல்லால அத நேரா எடுத்துக்க முடியாது, தக்கைப்பூண்டு வேர் முடிச்சுல குடியிருக்கிற ரைசோபியம் பாக்டீரியா அத பிடிச்சு தழைச்சத்தா மாத்துது. அது நெல்லுக்குப் போகுமா, திரும்ப காத்துக்கே போயிடுமாங்கிறது நம்ம கையிலதான் இருக்கு.

நடவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஈரம் இருக்கப்பவே ஏக்கருக்கு 20 கிலோ விதை தெளிங்க. உவர் மண்ணுலயும் வரும். ஒரு மாசம் ஆனதும் ஒரு செடிய மண்வெட்டியால தோண்டி எடுங்க (பிடுங்கினா முடிச்சு மண்ணுலயே அறுந்து நின்னுடும்), வேர் முடிச்ச நகத்தால கிள்ளிப் பாருங்க. உள்ள ரோஸ் கலரா இருந்தா வேலை நடக்குது. பச்சையாவோ சாம்பல் கலராவோ இருந்தா நடக்கல, அடுத்த தடவை விதைய ரைசோபியம் கல்ச்சர்ல (அந்த பாக்டீரியா இருக்கிற நுண்ணுயிர் உரம்) கலந்து போடுங்க.

மடக்குறது 40-45 நாள்ல, பூ எடுக்கிற சமயம். இன்னும் வளரட்டுமேனு ஆசைப்படாதீங்க, தண்டு நாராயிட்டா மக்க நாளாகும், மக்க வைக்கிற நுண்ணுயிரே மண்ணுல இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கும், நட்ட பயிர் வெளுத்துப் போய் நிக்கும். வயல்ல தண்ணி கட்டி ரோட்டாவேட்டர் விட்டுட்டு ஒரு பத்து நாள் பொறுங்க, செடி மக்குற நாத்தம் அடங்கினப்புறம் நடலாம்.

பலபேர் கோட்டை விடுறது இங்கதான். செடி மக்குறப்ப தழைச்சத்து மொதல்ல அம்மோனியமா வருது, தண்ணி நிக்கிற சேத்துல அது அப்படியே தங்கும். வயல காயவிட்டா காத்து உள்ள போய் நைட்ரேட்டா மாறும், அப்புறம் திரும்பத் தண்ணி கட்டினா காத்தில்லாத சேத்துல இருக்கிற வேற பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்ட வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிடும், இல்லனா தண்ணியோட கீழ இறங்கிடும். அதனால மடக்கினதுலருந்து பயிர் வேர் பிடிக்கிற வரைக்கும் வெடிப்பு விழ விடாம லேசா தண்ணி நிறுத்துங்க. காய்ச்சலும் பாய்ச்சலுமா (காயவிட்டு காயவிட்டு) தண்ணி விடுறவங்க அதுக்கப்புறம் ஆரம்பிச்சுக்கலாம்.

இன்னொண்ணு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) காத்துலருந்து வராது. தக்கைப்பூண்டு மண்ணுல இருக்கிறத எடுத்து திருப்பிக் குடுக்குது அவ்ளோதான், அதனால மண் பரிசோதனை பாக்காம சூப்பர் பாஸ்பேட் உரத்த நிறுத்திடாதீங்க. சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) இப்படித்தான், பயிர் எடுக்கிறதுல பெரும்பங்கு வைக்கோல்லதான் நிக்குது, மொத்த வைக்கோலையும் கட்டு கட்டி வித்துட்டீங்கன்னா பொட்டாஷ் கணக்க அதுக்கேத்த மாதிரி போட்டுக்கங்க.