ஒரே மூளை வெட்டை மூன்று ஒளியில் படமெடுப்பது எப்படி

கிளிநொச்சி வெயிலில் மூளை தாங்காது. அதனால் இறைச்சிக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்து, ஆட்டு மூளையை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றைக்கே இழையம் கெடாமல் காக்கிற 10 சதவீத போமலினில் போட்டுவிடுங்கள். ஒரு கிழமை கழித்து மூளியை (சிறுமூளையை) மட்டும் எடுத்து, அதிரும் அலகால் வெட்டுகிற வைப்ரடோம் கருவியில் 50 மைக்கிரோமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். பரபின் மெழுகில் பதித்து வெட்ட வேண்டாம், அதற்குப் பாவிக்கிற அற்ககோலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும், நரம்பு நாரைச் சுற்றியிருக்கிற மயலின் உறையில் பெரும்பகுதி கொழுப்புத்தானே. வெட்டின் ஓரத்தில் சின்னதாய் ஒரு கீறல் போடுங்கள், புரண்டால் தெரியும்.

சாயம் இல்லாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற முனைவாக்கிகள் இரண்டைக் குறுக்காக வைத்து இடையில் வெட்டைப் பார்த்தால் எல்லாம் கறுப்பாகிவிடும், அந்தக் கறுப்புக்குள் மயலின் நார்கள் நிறைந்த வெண்சடப்பொருள் மட்டும் கிளைவிட்ட மரம் மாதிரி மின்னும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. ஆனால் முனைவாக்கியின் திசையிலேயே கிடக்கிற நார் இருண்டுவிடும், 45 பாகையில்தான் உச்ச வெளிச்சம். ஆகவே வெட்டு இருக்கிற கண்ணாடி வழுக்கியை அசைக்காமல் இரண்டு முனைவாக்கிகளையும் ஒன்றாக 15 பாகை 15 பாகையாகத் திருப்பி ஆறு படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் கூடிய வெளிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், மணல் தூசியும் பஞ்சு நூலும் இந்த ஒளியில் நரம்பு நார் என்றே நம்பவைக்கும்.

அப்புறம் ஒளிர்வுப் படம். போமலினில் கிடந்த இழையம் தானாகவே ஒளிரும், அதனால் சாயத்துக்கு முன் ஒரு படம் கட்டாயம். பிறகு கலங்களின் கருக்களில் ஒட்டுகிற டாபி (DAPI) சாயம் போட்டு, வெளிச்ச அளவை மாற்றாமல் எடுங்கள். கருக்கள் நீலமாய்த் தெரியும், மூளியின் சிறுமணிப் படையில் நெருக்கியடித்து நிற்கும். சாதாரண ஒளியிலேயே குவியத்தைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் தேடுகிற நேரத்துக்குள் ஒளிர்வு மங்கிவிடும்.

சாதாரண ஒளியில் கலங்களைக் காட்டுகிற கிரெசில் வயலற் சாயம் கடைசியில். அதற்கு அற்ககோல் வேண்டும், மயலினும் கெடும், வெட்டும் சுருங்கும்.

சுருங்கிய படம் மற்றவற்றோடு நேராய்ப் பொருந்தாது. ஃபிஜி மென்பொருளில் படங்களை வளைத்துப் பொருத்துகிற பிக்வார்ப்பில் (BigWarp), மூன்று படத்திலும் தெரிகிற இரத்தக்குழாய்த் துளைகளை ஒன்றுக்கொன்று இணையாகக் குறியுங்கள், ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம். நாலைந்து துளைகளை வேண்டுமென்றே குறிக்காமல் விடுங்கள். பொருத்திய பிறகு அவையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சரி, விலகினால் அந்த இடத்தில் இன்னும் புள்ளி சேர்த்து, வேறு துளைகளில் மறுபடி பாருங்கள்.