பாதி வேலையில் எழுந்து போகிறவருக்கும் ஏற்ற திரை: வடிவமைப்பது எப்படி?

டேட்டாபேஸில் உள்ள ஒரே பதிவை நாலைந்து பேர் திருத்தும் ஒரு மென்பொருளைச் செய்தபோது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். படிவமும் டேட்டாபேஸும் அமைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

1. பயன்படுத்துபவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எப்போது வேலை மாறுகிறார், திரும்பி வந்ததும் எதைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு நோட்டும் பென்சிலும்தான் சிறந்தவை. பக்கத்து மேசைக்காரர் வந்து கேள்வி கேட்டது, திரையை வீடியோ எடுத்தால் அதில் விழாது.

2. எழுதியதைத் தானாகவே வரைவாகச் சேமியுங்கள். திரும்பி வருபவருக்கு, கடைசியாகத் தொட்ட கட்டத்திலேயே கர்சர் நிற்கட்டும்.

3. தட்டச்சுக்கு நடுவே அறிவிப்பு வேண்டாம். ஒரு பதிவை முடித்துச் சேமித்ததும் காட்டுங்கள். வேலையில் வரும் குறுக்கீடுகளை ஆராயும் குளோரியா மார்க் என்பவரின் குழு 2008இல் செய்த ஆய்வில், குறுக்கீட்டுக்கு ஆளானவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. அதனால் வேகத்தை மட்டும் அளந்து திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

4. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாதே என்று, பதிவைத் திறந்ததும் மற்றவர்களுக்குப் பூட்டு விழும்படி செய்தேன். சோதனையில் நன்றாகவே ஓடியது. ஆனால் நிஜத்தில், ஒருவர் பதிவைத் திறப்பார், போன் வரும், வேறு வேலைக்குப் போய்விடுவார். பூட்டு அப்படியே கிடக்கும். மற்றவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, விவரத்தைத் தாளில் எழுதி வைத்தார்கள். கூட்டு வேலையை யோசித்த நான், அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பல வேலைகளுக்கு நடுவே இருக்கிறார் என்பதை யோசிக்கவில்லை.

பூட்டை எடுத்துவிட்டுப் பதிப்பு எண் வைத்தேன். இருவரும் 7ஆம் பதிப்பைத் திறக்கிறார்கள். முதலாமவர் சேமித்ததும் அது 8 ஆகிறது. இரண்டாமவரின் திருத்தம் 7 என்ற எண்ணோடு வந்தால், சர்வர் அதை ஏற்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். எது வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுப்பார். எண்ணைச் சரிபார்ப்பதும் சேமிப்பதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும். தனித்தனியாகச் செய்தால் இடையில் இன்னொருவர் நுழைந்துவிடுவார்.

அப்புறம், பதிவை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று மேலே பெயரைக் காட்டுங்கள். பல மோதல்கள் பேசியே தீர்ந்துவிடும்.

பின்சேர்க்கை: ஒருவர் முகவரியையும் இன்னொருவர் தேதியையும் திருத்தினாலும் மோதல் என்று காட்டுகிறதே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. வெவ்வேறு கட்டங்கள் என்றால் தானாகவே இணைத்துவிடுங்கள். ஒன்றையொன்று சார்ந்த கட்டங்களை, உதாரணமாகத் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும், ஒரே கட்டமாகக் கணக்கில் எடுங்கள்.