குரல் முதலில், படம் கடைசியில்

ஏழாம் வகுப்பில் நீர் சுழற்சியை டிஜிட்டல் கதையாக, அதாவது படங்களோடு குரல் சேர்த்த சிறு வீடியோவாக, செய்யச் சொன்னால் வருவது பெரும்பாலும் கதையே அல்ல: புத்தகப் பத்தி, இணையத்தில் எடுத்த பத்துப் படம், பின்னணியில் சினிமாப் பாட்டு. என் வகுப்பிலும் அதுதான் நடந்தது. வேலையைப் படம் தேடுவதில் தொடங்கியதுதான் கோளாறு. வரிசையை மாற்றினேன்.

முதல் பீரியடில் போன் கிடையாது. நான்கு பேருக்கு ஒரு ஏ4 தாள். மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம். கட்டத்துக்கு இரண்டு வாக்கியம், ஒரு பென்சில் படம். கதை சொல்வது நீர்த்துளி. "வெயில் ஏறியது, ஆவியானேன், மேகமானேன்" என்று எழுதுவார்கள். இங்கேதான் நிறுத்த வேண்டும். மேகம் நீராவி அல்ல, ஆவி குளிர்ந்து தூசியைப் பற்றி உருவான நுண்துளிகள். இடையில் ஒரு கட்டம் விட்டுப்போனது அப்போதுதான் அவர்களுக்கே தெரியும். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு குரல்பதிவு. ஃபேனை நிறுத்தி, போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் 'ப' எல்லாம் வெடிக்கும். கட்டத்துக்கு ஒரு ஆடியோ கோப்பு போதும். ஒரே மூச்சில் பதிந்தால் ஏழாவது கட்டத்தில் தடுமாறியவர் முதலிலிருந்து படிக்க வேண்டிவரும்.

படங்கள் கடைசியில்: அவர்கள் வரைந்ததையே ஜன்னலோரம் வைத்து, போனைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுத்தால் போதும். ஒவ்வொரு படமும் அதன் ஆடியோ ஓடும் நேரம் வரை நிற்கட்டும். பாட்டு வேண்டாம்; குரலை விழுங்கிவிடும். மதிப்பெண் எட்டுக் கட்டத் தாளுக்குத்தான், எஃபெக்டுகளுக்கு அல்ல.