ஹெச்டிஎம்ஐயில் 320×240 வரவில்லையா? லினக்ஸில் சரிசெய்யும் வழி

பழைய கேம்களை அசல் அளவிலேயே பார்க்க ஆசைப்பட்டு 320×240 மோட் (திரையின் அளவும் வேகமும் சேர்ந்த அமைப்பு) ஒன்றை உருவாக்கினால், லினக்ஸ் பெரும்பாலும் "கான்ஃபிகர் சிஆர்டிசி 0 ஃபெயில்டு" என்று கையை விரித்துவிடும். காரணம் சொல்லாது.

லினக்ஸில் திரையைக் கவனிக்கும் அமைப்புகள் எக்ஸ்11, வேலேண்ட் என்று இரண்டு. நீங்கள் எக்ஸ்11 செஷனில் இருக்க வேண்டும். வேலேண்டில் எக்ஸ்ரேண்டரை (திரை அமைப்பை மாற்றும் கட்டளை) வைத்துப் புது மோட் சேர்க்க முடியாது.

டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் தட்டினால் போர்ட்டின் பெயர் தெரியும், ஹெச்டிஎம்ஐ-1 என்பது மாதிரி. அதைக் குறித்துக்கொண்டு, மோடுக்கான எண்களைக் கணக்கிட்டுத் தரும் சிவிடி கட்டளைக்கு 320, 240, 60 (அகலம், உயரம், ஹெர்ட்ஸ்) என்று கொடுங்கள். இப்படி ஒரு மோட்லைன், அதாவது மோடை விவரிக்கும் எண் வரிசை, வரும்:

6.00 320 336 360 400 240 243 247 252

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். 6.00 என்பது பிக்சல் கிளாக், அதாவது பிக்சல்கள் போகும் வேகம், மெகாஹெர்ட்ஸ் கணக்கில். 400 என்பது ஓரத்து இடைவெளியையும் சேர்த்து ஒரு வரியின் முழு நீளம். 252 என்பது மொத்த வரிகள். 60 லட்சத்தை 400-ஆல் வகுத்தால் நொடிக்கு 15,000 வரிகள், அதாவது 15 கிலோஹெர்ட்ஸ். அதை 252-ஆல் வகுத்தால் 59.52 ஹெர்ட்ஸ். கணக்கு சரிதான். ஆனால் ஹெச்டிஎம்ஐக்குக் குறைந்தது 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வேண்டும். வெறும் 6-ஐ கிராஃபிக்ஸ் டிரைவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 640×480 மட்டும் சிரமமில்லாமல் ஓடுவதற்குக் காரணமும் இதுதான்: அதன் கிளாக் 25.175.

சரி, என்ன செய்வது? எல்சிடி மானிட்டர் என்றால் புது மோடே வேண்டாம். 640×480-ஐத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்ரேண்டரின் ஸ்கேல் தெரிவில் 0.5×0.5 கொடுங்கள். டெஸ்க்டாப் 320×240 ஆகிவிடும், மானிட்டருக்குப் போவது அது ஏற்கும் சிக்னல்தான். பல எல்சிடிகள் 30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் காட்டாது என்பதால் 15 கிலோஹெர்ட்ஸோடு மல்லுக்கட்டுவது வீண்.

கன்வெர்ட்டர் வழியாகப் பழைய டியூப் டிவியில் காட்டுபவர்களுக்கு அந்த 15 கிலோஹெர்ட்ஸ்தான் தேவை. கிளாக்கையும் கிடைமட்ட எண்கள் நான்கையும் 5-ஆல் பெருக்குங்கள்:

30.00 1600 1680 1800 2000 240 243 247 252

வரி வேகம் மாறாது, கிளாக் 25-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு பிக்சலும் 5 மடங்கு அகலமாக வரைய வேண்டியிருக்கும், அதைப் பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். (4-ஆல் பெருக்கினால் 24. மயிரிழையில் தோற்கும்.)

இந்த எண்களை எக்ஸ்ரேண்டரின் நியூமோட் தெரிவில் ஒரு பெயரோடு கொடுத்து, ஆட்மோடில் போர்ட்டுடன் சேர்த்து, பிறகு மோட் தெரிவால் இயக்குங்கள். அதே கட்டளை வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டு ஸ்லீப் 15 (15 நொடி காத்திரு), மீண்டும் அரைப்புள்ளி போட்டு எக்ஸ்ரேண்டரில் அந்தப் போர்ட்டுக்கு ஆட்டோ என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். திரை இருண்டாலும் 15 நொடியில் தானாகத் திரும்பிவிடும்.

நியூமோடில் "பேட்நேம்" என்ற பிழை வந்து, நிறமோ எழுத்துருவோ இல்லை என்று உளறினால் பயப்பட வேண்டாம். அதே பெயரில் மோட் ஏற்கனவே இருக்கிறது, அவ்வளவுதான். டெல்மோட், ஆர்எம்மோட் இரண்டையும் இதே வரிசையில் ஓட்டி அழித்துவிட்டு மறுபடி சேருங்கள்.