வெளிநாட்டில் படிக்கும் மாணவர் வங்கிக் கணக்குத் தொடங்குவது எப்படி?

வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மாணவருக்கு அங்குள்ள வங்கியில் கணக்கு இல்லாவிட்டால், வாடகை கட்டுவது, மாதாந்தரத் தொலைபேசி இணைப்பு வாங்குவது, பகுதிநேர வேலைக்கான சம்பளத்தைப் பெறுவது என ஒவ்வொன்றும் தடைபட்டு நிற்கும். கணக்குத் தொடங்குவது கடினமான காரியம் அன்று. ஆனால் கேட்கப்படும் ஆவணங்களில் ஒன்று குறைந்தாலும் வேலை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் குறைவது முகவரிச் சான்றுதான். வாடகை ஒப்பந்தம் போட வேண்டுமானால் உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பார் வீட்டு உரிமையாளர். கணக்குத் தொடங்க வேண்டுமானால் வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்பார் வங்கி அலுவலர். இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

முடிச்சை அவிழ்க்கும் இடம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். மாணவரின் பெயர், படிப்பு, படிப்புக் காலம், உள்ளூர் முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட்டு வங்கிக்கென்றே எழுதப்படும் கடிதத்தை அங்கே கேட்டு வாங்கலாம். பிரிட்டனில் பல வங்கிகள் இக்கடிதத்தையே முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்கின்றன. கடிதம் கேட்பதற்கு முன், எந்த வங்கிக்குச் செல்லப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். சில வங்கிகள் தங்கள் பெயருக்கும் கிளைக்கும் முகவரியிட்ட கடிதத்தை மட்டுமே ஏற்கும். பல்கலைக்கழக விடுதியில் இடம் பெற்றவருக்கு விடுதி ஒப்பந்தமே சான்றாக உதவும். தற்காலிக அறையில் தங்கியிருப்பவர், நிலையான முகவரி கிடைக்கும்வரை காத்திருப்பதா, இப்போதைய முகவரியிலேயே தொடங்கிப் பிறகு மாற்றிக்கொள்வதா என்பதை வங்கியிடமே கேட்டுவிடுவது நல்லது. ஏனெனில் பல வங்கிகள் டெபிட் கார்டையும் ரகசிய எண்ணையும் தனித்தனி உறைகளில் அஞ்சலில்தான் அனுப்புகின்றன, அவை போய்ச் சேரும் முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். ஜெர்மனியில் குடியேறியவர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அங்கே தரப்படும் பதிவுச் சான்றிதழைப் பல வங்கிகள் கேட்பதால், பதிவை முதலிலும் வங்கியை அடுத்தும் வைத்துக்கொள்வதே சரியான வரிசை.

சில நாடுகளுக்குப் புறப்படுவதற்கு முன்பே ஒருவகைக் கணக்குத் தேவைப்படும். ஜெர்மனிக்கு மாணவர் விசா கோருபவர்களில் பெரும்பாலோர் முடக்கப்பட்ட கணக்கு எனப்படும் சிறப்புக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான தொகையைச் செலுத்திக் காட்டுகிறார்கள். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. அதிலிருந்து மாதந்தோறும் ஒரு பங்கு மட்டுமே, அதாவது 992 யூரோ, விடுவிக்கப்படும். அந்தப் பங்கு வந்து சேர்வதற்குப் பெரும்பாலும் தனியே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும் என்பதைப் பலர் அங்கே போய் இறங்கிய பிறகே அறிகிறார்கள். கனடாவில், வங்கியில் பணம் செலுத்திப் பெறும் உத்தரவாத முதலீட்டுச் சான்றிதழ் இதே வேலையைச் செய்கிறது. ஆஸ்திரேலிய வங்கிகளில் சில, நாட்டுக்கு வருவதற்கு முன்பே இணையம் வழியாகக் கணக்குத் தொடங்கவும் பணம் போடவும் விடுகின்றன. ஆனால் கிளைக்கு நேரில் சென்று அடையாளத்தை நிரூபித்த பிறகே பணத்தை எடுக்க முடியும். ஆகவே எந்த நாட்டுக்குப் போனாலும், முதல் சில வாரங்களுக்குக் கைகொடுக்க வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டு ஒன்றும், ஓரளவு ரொக்கமும் உங்களிடம் இருக்கட்டும். அந்தக் கார்டின் ஓடிபி எந்தத் தொலைபேசி எண்ணுக்கு வருகிறதோ, அந்த எண் வெளிநாட்டிலும் வேலை செய்யும்படி ஏற்பாடு செய்யாமல் புறப்பட வேண்டாம்.

வங்கிக்குக் கொண்டுபோக வேண்டியவை பாஸ்போர்ட், விசா அல்லது வதிவிட அனுமதி, சேர்க்கைக் கடிதம், முகவரிச் சான்று ஆகியவை. இவற்றில் நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகள் உண்டு. பிரிட்டனில் வதிவிட அட்டைக்குப் பதில் இப்போது மின்விசா நடைமுறையில் இருப்பதால், அரசு இணையதளத்தில், உங்கள் விசா நிலையைப் பிறர் சரிபார்க்க உதவும் பகிர்வுக் குறியீட்டை உருவாக்கி வங்கிக்குத் தர வேண்டியிருக்கலாம். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் கணக்குத் தொடங்கவே முடியாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை அன்று. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவரின் அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் எண்ணையும் அதை வழங்கிய நாட்டையும் பெற்றுக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் ஒவ்வொரு வங்கிக்கும் தனி விதி உண்டு; இணைய விண்ணப்பம் அந்த எண்ணைக் கட்டாயமாகக் கேட்டால், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துடன் கிளைக்கே செல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள கிளைகளில் வெளிநாட்டு மாணவரின் ஆவணங்களைப் பார்த்துப் பழகிய அலுவலர்கள் இருப்பார்கள்.

பெயரில் தனிக் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களும், குடும்பப் பெயருக்கான இடம் காலியாக உள்ளவர்களும், சேர்க்கைக் கடிதத்தில் ஒரு விதமாகவும் விசாவில் வேறு விதமாகவும் பெயர் பதிவாகியிருப்பதைக் காண நேரிடும். மூன்று ஆவணங்களில் மூன்று விதமான பெயரோடு வங்கிக்குப் போனால், கணினி அமைப்பே விண்ணப்பத்தை ஏற்காமல் போகலாம். கணக்குத் திறக்கப்பட்டாலும், சம்பளமோ உதவித்தொகையோ அனுப்புபவர் குறிப்பிடும் பெயருடன் கணக்கின் பெயர் ஒத்துப்போகாமல் பணம் திரும்பிவிடலாம். பல்கலைக்கழகப் பதிவேட்டில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முதலில் திருத்திவிட்டு, அதன் பிறகு வங்கிக் கடிதத்தைக் கேளுங்கள்.

எந்த வங்கி என்ற கேள்விக்கு மாணவர்கள் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறார்கள் என்பது என் கருத்து. வரவேற்புப் பரிசுகளை ஒதுக்கிவிட்டு, மாதக் கட்டணம் உண்டா, குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டுமா, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குக் கட்டணம் பிடிப்பார்களா என்ற மூன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். மாணவர் கணக்கு என்று விளம்பரப்படுத்தப்படுவது பல நாடுகளில் உள்ளூர் மாணவருக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டு மாணவருக்கு அடிப்படைக் கணக்கே போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிப்பவர் எவரும் அத்தகைய அடிப்படைக் கணக்கைக் கேட்டுப் பெறும் உரிமையை 2014ஆம் ஆண்டின் நெறிமுறை ஒன்று உறுதி செய்கிறது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். மறுத்தால் அதன் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கைப்பேசிச் செயலி வழியாகவே சில நிமிடங்களில் திறக்கப்படும் கணக்குகள் தொடக்க வாரங்களுக்கு மிகவும் பயன்படும். ஆனால் அவற்றை வழங்கும் நிறுவனங்களில் சில, வங்கிகள் அல்ல; வங்கி உரிமம் இல்லாத மின்பண நிறுவனங்கள். உரிமம் பெற்ற வங்கியில் போட்ட பணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1,00,000 யூரோ வரையிலும், அமெரிக்காவில் 2,50,000 டாலர் வரையிலும் வைப்புக் காப்பீடு உண்டு. மின்பண நிறுவனத்தில் உள்ள தொகைக்கு அந்தக் காப்பீடு நேரடியாகப் பொருந்தாது. ஆண்டுக் கல்விக் கட்டணம் முழுவதையும் வைத்திருக்க ஏற்ற இடமாக அதைக் கருத வேண்டாம்.

விண்ணப்பத்தில் வரி சார்ந்த நாடு எது, அதாவது எந்த நாட்டில் வரி செலுத்துபவராகக் கருதப்படுகிறீர்கள், என்ற கேள்வி வரும். நாடுகள் தங்களுக்குள் கணக்குத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் பன்னாட்டு ஏற்பாட்டின்படி வங்கிகள் எல்லாரிடமும் கேட்பதுதான் அது. உண்மையான விடையையும் உங்கள் வரி அடையாள எண்ணையும் எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டின் வரி அடையாள எண்ணான வரிக் கோப்பு எண்ணைத் தராதவரின் வட்டியில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கப்படும் என்பதால், அந்த எண் கிடைத்த உடனே வங்கிக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

கணக்குத் திறந்ததும் ஐபான் எனப்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண், வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் குறியீடு, கணக்கில் உள்ளபடி பெயர் ஆகியவற்றை வங்கியின் ஆவணத்திலிருந்தே எடுத்து வீட்டாருக்கு அனுப்புங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபான் கிடையாது; அங்கே கணக்கு எண்ணோடு வங்கியின் அடையாள எண்களும் தேவை. முதலில் சிறு தொகை ஒன்றை அனுப்பச் சொல்லி, அது வந்த பிறகே பெரிய தொகையை வரவழையுங்கள். சுவிஃப்ட் வழியில் வரும் பணத்தில் இடைநிலை வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொள்வதுண்டு. கல்விக் கட்டணம் சிறிதளவு குறைந்தாலும் பல்கலைக்கழகம் அதை நிலுவையாகவே காட்டும் என்பதால், அனுப்பும் இடத்திலேயே எல்லாக் கட்டணங்களையும் அனுப்புபவர் ஏற்பதாகக் குறிப்பிடச் சொல்ல வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். உங்கள் கணக்கை இன்னொருவரின் பணம் வந்து போகும் வழியாக ஒருபோதும் ஆக்காதீர்கள். ‘ஒரு தொகை வரும், அதை வேறொரு கணக்குக்கு அனுப்பிவிட்டால் உனக்கு ஒரு பங்கு’ என்று அணுகுபவர்கள், புதிதாக வந்த, செலவுக்குத் திண்டாடும் மாணவர்களையே தேடுகிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் மோசடியில் பறிக்கப்பட்டது. அதை நகர்த்தித் தருபவர் விவரம் அறியாதவராக இருந்தாலும் விசாரணைக்கு ஆளாகலாம். பிரிட்டனில் இதற்காக மோசடித் தடுப்புத் தரவுத்தளத்தில் பதியப்படும் குறிப்பு ஆறு ஆண்டுகள் வரை நீடித்து, வேறு வங்கியில் கணக்குத் தொடங்குவதையே தடுத்துவிடும். குற்றம் உறுதியானால் விசாவும் கேள்விக்குள்ளாகும். ஊர் திரும்பும்போது கார்டையும் கணக்கையும் யாருக்காவது விற்றுவிட்டுப் போவதும் இதே குற்றத்துக்குத் துணைபோவதுதான்.

படிப்பு முடிந்து புறப்படும் வேளையில் கணக்கை அவசரமாக மூடிவிடவும் வேண்டாம். வாடகை முன்பணம், கடைசிச் சம்பளம், திரும்பக் கிடைக்கும் வரி ஆகியவை வந்து சேர்ந்த பிறகு, தானாகப் பிடிக்கப்படும் கட்டணங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, படிப்புக் காலம் முழுவதற்குமான கணக்கு அறிக்கைகளைத் தரவிறக்கிக்கொண்டு, எஞ்சிய பணத்தை மாற்றிய பின் எழுத்து மூலம் கணக்கை மூடச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்தபடியே மூட முடியுமா என்பதைப் புறப்படுவதற்கு முன் கேட்டுக்கொண்டு, மூடியதற்கான உறுதிக் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.